முருகன் கன்னத்துக் கொப்புளம்

மழைக்காலத்தில் பெயிண்ட் அடிக்கக் கூடாது என்று நான் சொன்னால் மட்டாஞ்சேரியில் ஒருத்தரும் கேட்பதில்லை. வெயில் காலம் முழுக்க வண்டியை ஓட்டோ ஓட்டென்று ஓட்டிவிட்டு, இடவப்பாதிப் பருவமழை பிடித்த பிறகுதான் எல்லாருக்கும் வண்டியின் அழகு ஞாபகத்துக்கு வரும். அடித்துக் கொடுத்தால் மறுமாதமே கொப்புளத்தோடு வந்து நிற்பார்கள். நாணுவின் கை சரியில்லை என்று சாயாக்கடையில் பேசுவார்கள். காற்றில் இருக்கிற ஈரத்துக்கும் கிணற்றில் இருக்கிற உப்புக்கும் நானா பொறுப்பு?

என் ஒர்க்‌ஷாப் என்றதும் பெரிதாக எதையாவது நினைத்துக்கொள்ள வேண்டாம். பஜாரில் பழைய அரிசிக் கிடங்கு ஒன்றின் பின்சுவரை ஒட்டி இறக்கிய தகரக் கொட்டகை. இரண்டு ஆட்டோ நிற்கும். மூன்றாவது வந்தால் நான் தெருவில் நிற்க வேண்டும். இரண்டாயிரத்து ஒன்றாம் வருஷத்து மழையில் அந்தக் கொட்டகைக்கு ஒரு காலை என் அத்தான் ராஜப்பன் தன் ஆட்டோவைக் கொண்டுவந்து நிறுத்தினார். என் அக்கா பாப்பாவின் புருஷன். வாயைத் திறந்து நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசி நான் கேட்டதில்லை.

வண்டியின் முன்பக்கம், கண்ணாடிக்குக் கீழே, ஒரு பழனி முருகன் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார். பஜாரில் கிடைக்கிறதிலேயே பெரிய சைஸ். அந்த முருகனின் வலது கன்னம் வீங்கியிருந்தது. நெற்றியில் சில கொப்புளம். வேலைச் சுற்றிப் பொடிப்பொடியாய் நிறைய. இண்டிகேட்டருக்கும் கண்ணாடிக்கும் நடுவில் ஒரு கொத்து வேப்பிலை செருகியிருந்தது. முருகன் முகமெல்லாம் மஞ்சள் தண்ணீர் வழிந்து காய்ந்திருந்தது.

இது என்ன கோலம் என்று கேட்டேன். முருகனுக்கு அம்மை போட்டிருக்கிறது என்று அக்கா சொல்கிறாளாம். ஒரு வாரமாகக் காலையில் மஞ்சள் நீர் ஊற்றுகிறாளாம். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவர் சிரிக்கவில்லை. அடுத்த வாரம் வண்டிக்கு எஃப்.சி. டெஸ்ட் இருந்தது. ஊதிய பெயிண்டோடு டெஸ்டுக்குப் போனால் இன்ஸ்பெக்டர் வண்டியைச் சுற்றிக்கூட வரமாட்டார், அங்கிருந்தே திருப்பி அனுப்பிவிடுவார். அதனால் ஸ்டிக்கரை எடுத்து, சுரண்டி, புதிதாக அடித்தே தீர வேண்டும். அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

நான் பிளேடை எடுத்ததும் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மெதுவா எடு நாணு. அடியில அவ பேரு இருக்கு."

பிளேடைக் கீழே வைத்தேன். அந்தப் பெயர் எப்போதோ போய்விட்டது என்றுதான் நான் நினைத்திருந்தேன். நான் மட்டுமா, அக்காவும் ஊரும்கூட அப்படித்தான் நினைத்திருந்தார்கள்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இது புதிதில்லை, வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். இங்கே ஆட்டோவின் நம்பர் சர்க்காருக்கு மட்டும்தான். மற்றவர்களுக்கு அதன் பெயர்தான் அடையாளம். பெரும்பாலும் வீட்டில் மூத்த பிள்ளையின் பெயராக இருக்கும். வண்டிக்கு மட்டுமில்லை, ஓட்டுகிறவனுக்கும் அதே பெயர். ராஜப்பன் என்று விசாரித்தால் பஜாரில் யாருக்கும் தெரியாது. அம்பிளி என்றால் தெரியும். மிளகுக் கடைக்காரர் அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டுமென்றால் வாசலில் நின்று அம்பிளி, அம்பிளி என்று கூப்பிடுவார். மீசை வைத்த என் அத்தான் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போவார். அம்பிளி அவர் மூத்த மகள். கறுப்பு உடம்பில் மஞ்சள் எழுத்தில், மலையாளத்தில், சிவப்பு நிழல் கொடுத்து அந்தப் பெயரை எழுதியது நான்தான். அப்போது அவளுக்கு ஏழெட்டு வயது. என் பக்கத்திலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்து தொணதொணவென்று பேசிக்கொண்டிருந்தாள். அவள் பேசினால் நிறுத்தமாட்டாள். அப்பனுக்கும் சேர்த்து அவளே பேசினாள்.

அந்த அம்பிளிதான் அதற்கு முந்தின வருஷம் ஷாஜியோடு போய்விட்டாள். ஷாஜி கும்பளங்கியில் கெட்டு என்று சொல்கிற இறால் பண்ணையில் வேலை செய்கிற பையன். நல்ல பையன்தான், நான் விசாரித்தேன். ஆனால் சர்ச்சுக்குப் போகிற குடும்பம், வீட்டில் பேசுவது மலையாளம், நாங்கள் தமிழ். இருவரும் ரிஜிஸ்டர் ஆபீசில் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். அக்கா சுவரில் இருந்த அவள் போட்டோவைக் கழற்றி, எனக்கு ஒரே மகள்தான், அவள் பெயர் சோனியா என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள். அத்தான் ஒன்றும் சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை, தப்பு என்றும் சொல்லவில்லை. அந்த மௌனத்தை அவரவர் இஷ்டத்துக்கு அர்த்தம் பண்ணிக்கொண்டார்கள்.

ஆனால் பஜார் சும்மா இருக்குமா? வழக்கம்போல் அம்பிளி, அம்பிளி என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. சிலர் தெரியாமல் கூப்பிட்டார்கள். ஸ்டாண்டில் இரண்டு பேர் தெரிந்தே கூப்பிட்டார்கள். அம்பிளி போயாச்சே என்று ஒருவன் சொல்ல, இன்னொருவன் சிரிக்க, இவர் வண்டிக்குள் உட்கார்ந்து முன்னால் பார்த்துக்கொண்டிருப்பார். அதற்குப் பிறகுதான் அந்த முருகன் வந்தார்.

அந்தக் கதையை அத்தான் அன்றைக்குத்தான் எனக்குச் சொன்னார், துண்டு துண்டாக. பெயரைச் சுரண்ட மனசு வரவில்லையாம். அதற்கு மேலே சாமியை ஒட்டிவிட்டால் ஒருத்தரும் கை வைக்கமாட்டார்கள், பெயர் பத்திரமாக இருக்கும் என்று நினைத்தாராம். ஒரு வெள்ளிக்கிழமை காலை வண்டியைக் கழுவினார். எங்கள் பக்கம் பைப்புத் தண்ணீர் குடிக்கவே பற்றாது, வண்டி கழுவுவது கிணற்றுத் தண்ணீரில்தான். அந்தத் தண்ணீரில் பருப்பு வேகாது, அவ்வளவு உப்பு. கழுவி முடித்தபோது ராகுகாலம் நெருங்கிவிட்டது. சாமி படம், ராகுகாலத்தில் ஒட்டலாமா? காயும் வரைக்கும் காத்திருக்க நேரமில்லை. வேட்டி முனையால் ஒரு துடை துடைத்து, ஒரு ஓரத்தைச் சோனியா பிடிக்க, ஈரத்தின் மேலேயே முருகனை ஒட்டிவிட்டார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. உப்புத் தண்ணீரை உள்ளே வைத்து மேலே பிளாஸ்டிக்கை ஒட்டினால் என்ன ஆகும்? வெளியே போக வழியில்லாத தண்ணீர் பெயிண்டுக்கு அடியில் புகும், தகரத்தைத் தின்னும், துரு பூத்து மேலே தள்ளும். போதாததற்கு ஒரு வாரமாக மஞ்சள் தண்ணீர் வேறு. என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா என்று சத்தம் போட்டேன். கேட்டிருந்தால் சுரண்டச் சொல்லியிருப்பாய் என்றார். அது உண்மைதான். நான் அடங்கிவிட்டேன்.

உள்ளே எவ்வளவு கெட்டிருக்கிறது என்று பார்க்க, ஒரு ஊசியை எடுத்து முருகனின் கன்னத்தில் லேசாகக் குத்தினேன். பழுப்பாய்த் தண்ணீர் கசிந்து கன்னத்து வழியே இறங்கியது. அந்த நேரம் பார்த்து அக்கா சோற்றுத் தூக்கோடு உள்ளே வந்தாள். தூக்கைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டாள். முருகன் அழுகிறான் என்றாள். நான் விரலால் தொட்டு நாக்கில் வைத்துக் காட்டினேன், இது நம் கிணற்றுத் தண்ணீர், உப்புக் கரிக்கிறது பார் என்றேன்.

"கண்ணீரு பின்ன இனிக்குமா?" என்றாள்.

அக்காவோடு பேசி நான் என்றைக்கு ஜெயித்திருக்கிறேன்?

அன்று மத்தியானம் முழுக்க அந்த ஸ்டிக்கரோடு போராடினேன். வெந்நீரில் நனைத்த துணியை வைத்து ஒத்தடம் கொடுத்து, நூல் அளவு நூல் அளவாகத் தூக்கினேன். பெயரைக் காப்பாற்ற முடியாது என்று முதலிலேயே அத்தானிடம் சொல்லியிருந்தேன். துரு ஏறிய இடத்தில் பெயிண்ட் தகரத்தை விட்டுவிடும், எது தன்னை இழுக்கிறதோ அதனோடு போய்விடும். அவர் தலையை ஆட்டினார், ஆனாலும் குனிந்து என் கைக்கு அடியிலேயே பார்த்துக்கொண்டிருந்தார். ஓரத்தில் சிவப்பு நிழல் தெரிந்தபோது அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அதைப் பார்த்து எனக்கும் கொஞ்சம் ஆசை வந்துவிட்டது.

அதோடு சரி. மீதி முழுக்க ஸ்டிக்கரின் முதுகில் ஒட்டிக்கொண்டு, ஒரே உரியாக உரிந்து வந்துவிட்டது. வண்டியில் மிஞ்சியது துருப்பிடித்த தகரம். ஸ்டிக்கரைத் திருப்பினால் அதன் பசையில் அம்பிளி என்ற பெயர் வலம் இடமாக மாறி முழுசாக இருந்தது. அத்தான் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். திரும்ப ஒட்ட முடியுமா என்று கேட்டார். இத்தனை வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன், இப்படி ஒரு கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. முடியாது அத்தான் என்றேன். அதற்குள் ஓரங்கள் சுருண்டு, மஞ்சள் துகள் அவர் வேட்டியில் உதிர ஆரம்பித்திருந்தது.

தூக்கை வாங்க வந்த அக்காவும் அதைப் பார்த்தாள். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் அந்த மூன்று மலையாள எழுத்து தெரியும். எந்தப் பக்கம் திருப்பிக் காட்டினாலும் தெரியும். கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். இத்தனை நாள் சாமிக்கு அடியில் இதுவா இருந்தது, சாமி பொங்கிப் பொறுக்க முடியாமல் போனதில் என்ன ஆச்சரியம் என்று கத்துவாள் என எதிர்பார்த்தேன். கத்தவில்லை. கிழிந்த சாமி படத்தை வைத்துக்கொண்டிருக்கக் கூடாது என்று மட்டும் சொன்னாள். குப்பையிலும் போடக்கூடாது, ஓடுகிற தண்ணீரில்தான் விட வேண்டும், அது எங்கள் வழக்கம். அத்தான் கையிலிருந்து வாங்கி, முந்தானையில் மூடிக்கொண்டு படகு ஜெட்டிப் பக்கம் போனாள். அத்தான் தடுக்கவில்லை. அவளை என்னவென்று சொல்லித் தடுப்பது? காயலில் முருகனும் போனார், அவர் முதுகில் அந்தப் பெயரும் போயிற்று.

மறுநாள் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் துருவை எடுத்தேன். துரு தடுக்கிற ரெட் ஆக்சைடு ஒரு கை அடித்துக் காயவிட்டேன். காயவிட்டேன் என்று சொல்வது ஒரு பேச்சுக்குத்தான், அந்த மழையில் தொட்டால் விரலில் ஒட்டியது. புதுப் பெயர் என்ன எழுதுவது என்ற பேச்சு வீட்டில் நடந்திருக்கிறது. அக்கா சோனியா என்று எழுதச் சொன்னாளாம். அம்பிளியக்கா பேரை அழித்த இடத்தில் என் பேரை எழுதினால் நான் அந்த வண்டியில் ஏறமாட்டேன் என்று சோனியா சொல்லிவிட்டாளாம். அத்தான் சோற்றில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தாராம்.

அன்று மத்தியானம் மூன்று மணிப் பக்கம் கொட்டகை வாசலில் ஒரு குடை மடங்கியது. நிமிர்ந்து பார்த்தால் அம்பிளி.

வயிறு நன்றாகத் தெரிந்தது. நான் பிரஷ்ஷைக் கீழே போட்டுவிட்டு ஸ்டூலைத் துடைத்துப் போட்டேன். அவள் உட்காரவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. அப்பாவின் வண்டியின் முன்பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். மாதாமாதம் ஆஸ்பத்திரிக்கு வரும்போது பஸ்ஸில் இருந்து இந்த வண்டியைப் பார்ப்பாளாம். தன் பெயர் இருந்த இடத்தில் முருகன் இருப்பதைப் பார்த்து, அப்பாவும் கைவிட்டுவிட்டார் என்று முடிவு செய்துவிட்டாளாம். அதனால்தான் வயிற்றில் பிள்ளை இருக்கிற செய்தியைக்கூடச் சொல்லி அனுப்பவில்லை. இரண்டு நாள் முன்னால் சோனியா பூத்திலிருந்து போன் பண்ணி, அப்பா உன் பெயரை அழிக்கவில்லை, மேலே மூடித்தான் வைத்திருக்கிறார், நானே ஓரத்தைப் பிடித்துக்கொண்டேன் என்று சொல்லியிருக்கிறாள்.

"பேரு இருக்குன்னா பிரசவத்துக்கு வீட்டுக்கு வரலாம்னு நெனச்சேன் மாமா. அதான் ஒரு தடவ கண்ணால பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

நான் சொன்னேன். நேற்று வரைக்கும் இருந்தது அம்பிளி, சத்தியமாக இருந்தது, உப்புத் தண்ணீர் புகுந்து கெட்டுப்போய்விட்டது, ராகுகாலம், ஸ்டிக்கர், வெந்நீர் என்று என்னென்னவோ சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது பொய் மாதிரி கேட்டது. காட்டுவதற்கு ஒரு துகள்கூட என் கையில் இல்லை. எதிரில் சிவப்பாய், வழவழவென்று, சுத்தமாய்ச் சுரண்டிய தகரம்தான் இருந்தது. சுரண்டியவன் நான்.

அவள் கேட்டுக்கொண்டாள். முன்பு நிறுத்தாமல் பேசின பெண் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

"சாரமில்ல மாமா, பரவால்ல," என்று சொல்லிவிட்டுக் குடையை விரித்தாள்.

அப்பா இப்போது வந்துவிடுவார், ஒரு சாயா குடித்துவிட்டுப் போ என்று தெருமுனை வரைக்கும் பின்னாலேயே போனேன். வயிற்றுப்பிள்ளைக்காரியைக் கையைப் பிடித்தா இழுக்க முடியும்? தோப்பும்படி பஸ் வந்தது, ஏறிவிட்டாள்.

அத்தான் வந்தபோது நான் இன்னும் வெறும் கையோடு நின்றிருந்தேன். மறைத்துவிடலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன், முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அவள் உட்காராத அந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். எத்தனையாவது மாசம் என்று கேட்டார். பார்த்தால் ஏழு இருக்கும் என்றேன். பிறகு எழுந்து, ரேக்கில் இருந்த மஞ்சள் பெயிண்ட் டப்பாவை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"எழுது."

"நிக்காது அத்தான். அடியில இருக்கறதே ஒணங்கல, ஈரமா இருக்கு."

"நிக்க வேண்டாம். கும்பளங்கி வரைக்கும் இருந்தாப் போதும்."

நேரில் போய் வாயால் ஒரு வார்த்தை சொன்னால் முடிந்துபோகிற காரியம் இது, இதற்குப் பெயிண்ட் எதற்கு என்று கேட்க நினைத்தேன். அவர் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்கவில்லை. சிலருக்கு அது முடியாது. என் அத்தானுக்கு முடியாது. ஈரமான ரெட் ஆக்சைடின் மேல், தெரிந்தே, தொழிலுக்கே துரோகமாக, அம்பிளி என்று எழுதினேன். நிழல் கொடுக்க நேரமில்லை. பிரஷ் இழுத்த இடமெல்லாம் சிவப்பு கலங்கி மஞ்சளோடு வந்தது. மூடிக்கொண்டு போகவும் வழியில்லை, எதை மேலே போட்டாலும் எழுத்து அதில் ஒட்டிக்கொள்ளும்.

நானும் பின்சீட்டில் ஏறிக்கொண்டேன். கிளம்பும்போது வானம் மூட்டமாக இருந்தது, மழை இல்லை. தோப்பும்படி தாண்டும் வரை இல்லை. நான் எந்தச் சாமியையும் விடாமல் கும்பிட்டேன். பெரும்படப்புப் பாலத்தில் ஏறும்போது பிடித்தது பாருங்கள் மழை, பக்கத்தில் வருகிற சைக்கிள் தெரியவில்லை. ஓரமாய் நிறுத்தலாம் என்றேன். நிறுத்தினாலும் நனையத்தான் போகிறது என்று அவர் நிறுத்தவில்லை. முன்னால் என்ன நடக்கிறது என்று உள்ளே இருக்கிற எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது. வைப்பர் மட்டும் அடித்துக்கொண்டிருந்தது.

கெட்டுக்குப் பக்கத்தில் அந்த வீட்டைக் கேட்டுக் கண்டுபிடித்தோம். ஓட்டு வீடு. அத்தான் வண்டியை வாசலுக்கு நேராகத் திருப்பி, முன்பக்கம் வீட்டைப் பார்க்க நிறுத்தி, ஒரு தடவை ஹாரன் அடித்தார். இறங்கவில்லை. ஹேண்டிலைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார்.

ஷாஜிதான் முதலில் எட்டிப் பார்த்தான். பிறகு அம்பிளி குடையை விரித்துக்கொண்டு இறங்கி வந்தாள். நான் பின்னாலிருந்து குதித்து முன்பக்கம் ஓடிப் பார்த்தேன். எழுத்து என்று சொல்ல அங்கே ஒன்றும் இல்லை. மஞ்சளும் சிவப்பும் கோடு கோடாய் வழிந்து மட்கார்டில் சொட்டிக்கொண்டிருந்தது. எழுதின எனக்கே அதை வாசிக்க முடியவில்லை.

"இது என்னாப்பா?" என்று கேட்டாள்.

அவர் வாயைத் திறந்தார். திரும்ப மூடிக்கொண்டார். நான் சொல்லிவிடலாம் என்று பார்த்தேன். ஆனால் அது என் வாயால் வர வேண்டிய வார்த்தை இல்லை.

அம்பிளி குனிந்து ஒரு விரலால் அந்த வழிசலைத் தொட்டாள். விரல் நுனி மஞ்சளாயிற்று. விரலைக் கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்துப் பார்த்தாள். பெயிண்டுக்காரனின் பக்கத்தில் உட்கார்ந்து வளர்ந்த பெண், அவளுக்குத் தெரியாதா?

"இப்பத்தான் எழுதினதா?"

அவர் தலையை ஆட்டினார்.

"ஒணங்கவே இல்லியேப்பா."

"மழ," என்றார் அத்தான். அவ்வளவுதான் வந்தது. அதற்குள் கண் இரண்டும் நிறைந்துவிட்டது.

அவள் குடையைத் தன் தலையிலிருந்து எடுத்து, அந்த வழிந்துபோன இடத்துக்கு மேலே பிடித்துக்கொண்டாள். வயிறும் தலையும் நனைய நின்றாள். ஷாஜி ஓடிவந்து ஒரு துண்டை அவள் தலையில் போட்டான், உள்ளே வரச் சொல்லிக் கூப்பிட்டான். அவள் அசையவில்லை. பெயிண்ட்டுக்கு அடியில் தண்ணீர் எப்போதோ போய்விட்டது, இனி குடை பிடித்து ஒரு பிரயோஜனமும் இல்லை என்று எனக்குத் தெரியும். நான் சொல்லவில்லை.